அரசுக் காப்பில் கருவுற்ற பெண்ணின் ஒப்புதல்: சண்டிகர், 2009 – ஒரு நிகழ்வு ஆய்வு

சண்டிகரில் அரசு இல்லமொன்றில் வாழ்ந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர், இல்லத்தின் காப்பில் இருந்தபோதே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். அந்தக் கருவைக் கலைப்பதா, வளர விடுவதா என்பதை நிர்வாகமும் மருத்துவக் குழுக்களும் உயர் நீதிமன்றமும் மாறிமாறித் தீர்மானிக்க முற்பட்டன. இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் விருப்பத்தையே ஏற்றது. அவ்வழக்கின் போக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை இவ்வாய்வு பதிவு செய்கிறது. பெண்கள் இல்லங்களில் பணிபுரிவோர், மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவமனைகளின் அறநெறிக் குழு உறுப்பினர்கள், வழக்குரைஞர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெண்ணின் பெயர் தீர்ப்பில் இல்லை; இங்கும் இல்லை.

இந்தியாவில் இனப்பெருக்க உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் கருக்கலைப்பு கிடைக்காத பெண்ணைச் சுற்றியே அமைகிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் கருவைச் சுமக்க விரும்பும் பெண்ணிடம் ‘உனக்கு அந்தத் தகுதி இல்லை’ என்று அரசே சொல்லும்போதும் மறுக்கப்படுவது அதே உரிமைதான். பெண்ணியம் பேசுவோருக்குள்ளேயே இவ்வழக்கு குறித்துக் கருத்து வேறுபாடு எழ இடமிருந்தது. வன்கொடுமையால் உண்டான கருவைத் தொடரச் சொல்வது கொடுமை அல்லவா என்ற கேள்வி உண்மையான அக்கறையிலிருந்தே வருகிறது. அந்தக் கேள்வியை ஒதுக்காமல், அதற்கு விடை தேடியபடியே இந்நிகழ்வைப் பார்ப்பது பயன் தரும்.

பின்னணி

அந்தப் பெண் சிறு வயதிலேயே பெற்றோரால் கைவிடப்பட்டவர். முதலில் அறப்பணிச் சகோதரிகள் நடத்திய இல்லத்திலும், பிறகு சண்டிகர் 26-ஆம் செக்டரில் உள்ள நாரி நிகேதன் என்னும் அரசு இல்லத்திலும் வளர்ந்தார். 2009 மார்ச் மாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்காகப் புதிதாகத் தொடங்கப்பட்ட ஆஷ்ரேயா என்ற மற்றோர் அரசு இல்லத்துக்கு மாற்றப்பட்டார். எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை அவருக்கு 19 அல்லது 20 வயது இருக்கும் எனக் காட்டியது. ஆகவே சட்டப்படி அவர் மேஜர். இந்த ஒரு விவரத்தைச் சுற்றித்தான் பின்னர் வழக்கு முழுவதும் சுழன்றது.

அவருக்கு உறவினர் யாருமில்லை. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், பாதுகாப்பு அனைத்துக்கும் சண்டிகர் நிர்வாகமே பொறுப்பு. இதைத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் அவரைக் காக்கத் தவறியதும், அவருக்காக முடிவெடுக்க நீதிமன்றம் சென்றதும் ஒரே நிர்வாகம்தான்.

கண்டறியப்பட்டது

2009 மே மாத நடுவில், ஆஷ்ரேயாவின் மருத்துவ சமூகப் பணியாளரும் செவிலியரும் அவரிடம் சில மாற்றங்களைக் கவனித்தனர். அவருக்குக் குமட்டல் இருந்தது. அடிவயிறு வலிப்பதாகச் சொன்னார். அதற்கு முந்தைய இரு மாதங்களில் மாதவிடாய் வரவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானது. மகப்பேறு மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கரு 8 முதல் 10 வாரம் வரை வளர்ந்திருப்பதாகக் கூறினர். கருவுற்ற காலத்தைக் கணக்கிட்டால், அவர் நாரி நிகேதனில் இருந்தபோதே வன்கொடுமை நடந்திருந்தது. காவல்துறை வழக்குப் பதிவு செய்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் இல்லத்தில் யாருக்கு எப்போது மாதவிடாய் வந்தது என்பதை அறிந்திருக்கும் செவிலியர் ஒருவர் இருந்ததாலேயே இது சில வாரங்களில் வெளிப்பட்டது. அத்தகைய கவனிப்பு முந்தைய இல்லத்தில் இருந்திருந்தால், குற்றமே முன்னதாகத் தெரிய வந்திருக்கலாம். இல்லங்களில் மாதவிடாய்க் கணக்கு வைப்பது பெண்களைக் கண்காணிக்கும் கருவியாகவும் மாறிவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கணக்கு அந்தப் பெண்ணின் நலனுக்காக அவருக்கும் தெரியும்படி வைக்கப்படும்போது அது பாதுகாப்பாகிறது.

மருத்துவக் குழுவும் நிர்வாகத்தின் மனுவும்

மே மாத இறுதியில், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் தலைமையில் அமைந்த குழு அவரைப் பரிசோதித்து, அவருக்கு இருப்பது லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று கூறியது. அதன் பின் அமைந்த பல்துறைக் குழு, கருவைக் கலைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை மட்டும் வைத்து நிர்வாகம் கருக்கலைப்பைச் செய்துவிட முடியவில்லை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் கருவை அவருடைய ஒப்புதலின்றிக் கலைக்க இயலாது. மைனராகவோ மனநோயாளியாகவோ இருப்பவருக்கு மட்டுமே காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் போதுமானது. இந்தச் சிக்கலை உணர்ந்த நிர்வாகம், கலைப்புக்கு அனுமதி கோரிப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தை அணுகியது.

நிர்வாகத்தின் முடிவில் தீய நோக்கம் இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. கரு அப்போது பத்து வாரங்களை ஒட்டியிருந்தது. கலைப்பதானால் உடலுக்குக் குறைந்த ஆபத்துள்ள காலம் அதுதான். தாயும் ஆதரவற்றவர், பிறக்கும் குழந்தையும் ஆதரவற்றதாகும் என்ற கவலையும் இருந்தது. எனினும் அந்த மனுவின் அடியில் ஒரு நலன் முரண் கிடந்தது. தன் இல்லத்தில், தன் பொறுப்பில் நடந்த குற்றத்தின் விளைவு கண்முன்னே வளர்ந்து கொண்டிருக்கையில், அந்த விளைவு இல்லாமற்போவது நிர்வாகத்துக்கு நிம்மதி தரும். குழந்தை பிறந்தால் இரண்டு உயிர்களுக்கு அது ஆயுள் முழுவதும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர், எத்தனை நல்லெண்ணம் கொண்டவராயினும், அந்தப் பெண்ணுக்காகப் பேசும் காப்பாளராக இருக்கத் தகுந்தவர் அல்லர். அந்த மே மாதத்தில் இதை யாரும் கேட்டதாகப் பதிவுகளில் தெரியவில்லை.

வல்லுநர் குழு கேட்டதும் கண்டதும்

2009 ஜூன் 9 அன்று உயர் நீதிமன்றம், மருத்துவ வல்லுநர்களோடு நீதித்துறை அலுவலர் ஒருவரும் இடம்பெற்ற குழுவை அமைத்து, விரிவான வினாக்களைத் தந்து, அந்தப் பெண்ணின் உடல்நிலை, மனநிலை, விருப்பம் ஆகியவற்றை அறிந்துவரப் பணித்தது. அதுவரை நடந்தவற்றுள் மிகச் சரியான முடிவு இதுவே. நீதித்துறை அலுவலர் ஒருவர் அவரோடு நேரில் பேசியதால்தான் அவருடைய விருப்பம் நீதிமன்றப் பதிவில் ஏறியது.

குழுவின் அறிக்கை நிதானமானது. அவருக்கு இருப்பது லேசான அறிவுத்திறன் குறைபாடு என்றும், அது ஒன்பது வயதுக் குழந்தையின் மனவளர்ச்சியோடு ஒப்பிடப்படுவது என்றும், வேறு மனநோய் எதுவும் இல்லை என்றும் அது கூறியது. நடையிலும் முதுகுத்தண்டிலும் இருந்த குறைபாடுகளையும், இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி தொற்று தென்பட்டதையும் குறித்துக்கொண்டது. இவை இருப்பினும், குழந்தையைச் சுமக்கவும் வளர்க்கவும் போதுமான உடல்வலு அவருக்கு உண்டு என்றது. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், குறைமாதப் பிரசவம் போன்ற சிக்கல்கள் நேரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. தமக்கும் குழந்தைக்கும் சமூக ஆதரவும் மேற்பார்வையும் அவருக்குத் தேவைப்படும் என்பது அறிக்கையின் முக்கியமான வரி.

விருப்பம் பற்றி அறிக்கை இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொன்னது. தம் வயிற்றில் குழந்தை இருப்பது அவருக்குத் தெரியும். அதைப் பெற்றுக்கொள்ளும் ஆவலும் அவருக்கு இருக்கிறது. ஆனால் மணத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கும் பின் பிறக்கும் குழந்தைக்கும் சமூகம் காட்டும் வேறுபாட்டை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. தம் எதிர்காலத்துக்கும் குழந்தையின் எதிர்காலத்துக்கும் இதனால் என்ன நேரும் என்பதையும் எடைபோட இயலவில்லை.

இந்த இரண்டாம் செய்தியிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணமாகாத தாய் என்ற பழியை அறியாதிருப்பது ஒரு பெண்ணின் ஒப்புதல் திறனுக்குக் குறைவு என்று கருதினால், அந்தப் பழியைத் தாங்கி நிற்கும் சமூகத்தின் அளவுகோலையே மருத்துவ அளவுகோலாக ஏற்றவர்களாகிறோம். ஊர் என்ன சொல்லும் என்பதை அஞ்சத் தெரிந்தவரே தகுதியானவர் என்றால், அஞ்ச மறுக்கும் எந்தப் பெண்ணின் முடிவையும் இதே காரணத்தால் தள்ளிவிடலாம். குழந்தை வளர்ப்பின் விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகே கருவுறும் பெண்கள் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்ணிடம் மட்டுமே அந்தத் தேர்வு வைக்கப்படுகிறது.

உயர் நீதிமன்றத்தின் ஆணை

2009 ஜூலை 17 அன்று உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்க ஆணையிட்டது. தான் அமைத்த குழுவே அவருடைய விருப்பத்தைத் தெளிவாகப் பதிவு செய்திருந்த நிலையில் வந்த ஆணை அது. பெற்றோர் இல்லாதவருக்கு அரசே பெற்றோர் என்ற பழைய கோட்பாட்டை நீதிமன்றம் கையாண்டது. விளைவுகளை உணரும் திறன் அவரிடம் இல்லை, தாங்குவதற்குக் குடும்பம் இல்லை, கருவோ வன்கொடுமையின் விளைவு என்ற மூன்றையும் கோத்து, கலைப்பதே அவருடைய நலனுக்கு உகந்தது என்ற முடிவுக்கு வந்தது.

சட்டத்தில் இதற்குச் சார்பான ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. வன்கொடுமையால் கருவுற்றதாக ஒரு பெண் கூறினால், அந்தக் கர்ப்பத்தால் வரும் வேதனை அவருடைய மனநலத்துக்குக் கடும் பாதிப்பு எனக் கொள்ளப்படும் என்பதே அது. இக்குறிப்பு எதற்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளான பெண், மருத்துவரிடம் தன் வேதனையை நிரூபித்துக் காட்டும் அவமானமின்றிக் கலைப்பைப் பெறட்டும் என்பதற்காகத் திறக்கப்பட்ட கதவு அது. அந்தக் கதவின் வழியாக ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தள்ளிக்கொண்டு செல்லச் சட்டம் சொல்லவில்லை.

மே மாத நடுவில் 8 முதல் 10 வாரம் வரை இருந்த கரு, இந்த ஆணை வந்தபோது 19 வாரங்களை நெருங்கியிருந்தது. அக்காலச் சட்டத்தின் எல்லை 20 வாரம். எந்தப் பக்கம் முடிவெடுத்திருந்தாலும் இந்தத் தாமதத்தின் சுமை அந்தப் பெண்ணின் உடலில்தான் இறங்கியிருக்கும்.

உச்ச நீதிமன்றம் நிறுத்தியது ஏன்

மேல்முறையீடு உடனே உச்ச நீதிமன்றம் சென்றது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகியோர் அடங்கிய அமர்வு, ஜூலை 21 அன்று ஆணையை நிறுத்தி வைத்தது. காரணங்களை விளக்கும் தீர்ப்பை ஆகஸ்ட் 28 அன்று வழங்கியது. மேல்முறையீடு செய்தவரின் பெயரால் சுசிதா ஸ்ரீவஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்று சட்ட உலகம் அறிந்திருக்கும் தீர்ப்பு இதுவே.

தீர்ப்பின் முதல் தூண் சட்டத்தின் எழுத்து. 2002-இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, காப்பாளரின் ஒப்புதல் போதுமான பிரிவில் ‘மனநோயாளி’ என்ற வரையறை புகுத்தப்பட்டது. அதிலிருந்து அறிவுத்திறன் குறைபாடு வெளிப்படையாக விலக்கப்பட்டது. ஆகவே, 18 வயது நிறைந்த, அறிவுத்திறன் குறைபாடு மட்டுமே உள்ள பெண்ணின் கருவை, அரசு காப்பாளராக நின்று ஒப்புதல் தந்து கலைக்க முடியாது. நாடாளுமன்றம் தெரிந்தே வைத்த வேறுபாட்டை நீதிமன்றம் கரைத்துவிடக் கூடாது என்றும், ஒப்புதல் தேவையை நெகிழ்த்தினால் பாலினம் பார்த்துக் கருவைக் கலைக்கும் கொடுமை பரவியுள்ள நாட்டில் அது தவறாகப் பயன்படுத்தப்படும் என்றும் தீர்ப்பு எச்சரித்தது.

இரண்டாவது, அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு. இனப்பெருக்கம் குறித்துப் பெண் எடுக்கும் முடிவு தனிமனித சுதந்திரத்தின் ஒரு பரிமாணம் என்றும், குழந்தை பெற்றுக்கொள்வதும் பெற்றுக்கொள்ளாதிருப்பதும் அந்த ஒரே உரிமையின் இரு முகங்கள் என்றும் தீர்ப்பு கூறியது. இந்திய நீதிமன்றமொன்று இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதாலேயே, 2017-இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வும், 2022-இல் திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்ற தீர்ப்பும் இதை எடுத்தாண்டன. குழந்தை வேண்டும் என்று நின்ற ஒரு பெண்ணின் வழக்கு, குழந்தை வேண்டாம் என்று நின்ற பெண்ணுக்கு அரணானது. இனப்பெருக்க உரிமையை இரு துண்டாக வெட்டிப் பார்ப்போர் இந்தத் தொடர்ச்சியை ஆழ்ந்து நோக்க வேண்டும்.

மூன்றாவது, அவர் நலன். அரசு பெற்றோர் நிலையில் நிற்கும்போது, அந்தப் பெண்ணின் நலனை மட்டுமே பார்க்க வேண்டும். பிறருக்கோ சமூகத்துக்கோ ஏற்படும் சங்கடத்தைப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு கூறியது. அவராக நின்று நாம் முடிவெடுப்பது என்ற மற்றொரு முறை, தமக்கென எந்த முடிவும் எடுக்க இயலாதவருக்கே பொருந்தும். இவருக்குப் பொருந்தாது என்றது. லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ளோர் நல்ல பெற்றோராக விளங்க முடியும் என்பதையும், இக்குறைபாடு அடுத்த தலைமுறைக்குக் கட்டாயம் கடத்தப்படும் என்ற இனமேம்பாட்டு வாதம் பொய்த்துப்போனதையும் சுட்டிக்காட்டியது. அந்த வாதம் வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை என்பதை வாசகர் அறிவர். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பக் எதிர் பெல் வழக்கில் கட்டாயக் கருத்தடையைச் செல்லும் என்று அறிவித்தது இதே வாதத்தின் பேரில்தான்.

கரு 19 வாரங்களைக் கடந்திருந்ததால், அந்த நிலையில் கலைப்பதே அவர் உடலுக்கு ஆபத்து என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தனியாரும் அரசும் இணைந்து அவரைக் கைவிட்டுவிடக்கூடும் என்ற அச்சத்துக்கு விடையாக, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளையின் தலைவர், தாயையும் குழந்தையையும் பராமரிக்க அறக்கட்டளை முன்வருவதாக உறுதியளித்தார். பேறுகாலத்திலும் அதன் பின்னும் சிறந்த மருத்துவ வசதி தரப்பட வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. என் கணிப்பில் இந்த வழக்கின் திருப்பம் இந்த உறுதிமொழியில்தான் இருக்கிறது. உயர் நீதிமன்றம் ‘ஆதரவு இல்லை, ஆகவே கலைப்பு’ என்று போன இடத்தில், உச்ச நீதிமன்றம் ‘ஆதரவு தேவை, ஆகவே அதைத் தருக’ என்று போயிற்று. வல்லுநர் குழுவின் அதே வரிதான் இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை.

பெண்ணியப் பார்வையில்

மரபான மருத்துவ அறவியல், ஒப்புதல் தருபவரைத் தனித்து நின்று சிந்திக்கும் மனிதராகவே கற்பனை செய்கிறது. கனடாவைச் சேர்ந்த மெய்யியலாளர் சூசன் ஷெர்வின் போன்ற பெண்ணிய அறவியலாளர்கள், தன்முடிவு என்பது உறவுகளுக்குள், வாய்ப்புகளுக்குள், அதிகாரத்துக்குள் உருவாவது என்று வாதிட்டனர். அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளின் தாயான அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, பிறரைச் சார்ந்திருப்பது மனித வாழ்வின் இயல்பு என்பதையே நீதியின் தொடக்கப்புள்ளியாக வைத்தார். இவ்விரு பார்வைகளையும் சண்டிகருக்குப் பொருத்தினால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘இவருக்குத் திறன் இருக்கிறதா’ என்பதற்குப் பதில், ‘இவர் தம் முடிவை எடுக்கவும் அதன்படி வாழவும் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும்’ என்று கேட்க நேர்கிறது.

இதே பார்வைதான், தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கும் விடை தருகிறது. வன்கொடுமையால் வந்த கருவைச் சுமப்பது பல பெண்களுக்குத் தாங்க முடியாத வேதனை. அந்த வேதனையை அளப்பதற்கு அவரவரைத் தவிர வேறு யாருக்கும் தகுதியில்லை. குழந்தையை விரும்பும் பெண்ணிடம் ‘நீ வேதனைப்பட்டே ஆக வேண்டும்’ என்று சொல்வதும், குழந்தையை வெறுக்கும் பெண்ணிடம் ‘நீ பாசம் கொண்டே ஆக வேண்டும்’ என்று சொல்வதும் ஒரே வகை வன்முறை. குறைபாடுள்ள பெண்களின் கருப்பை மீது நிர்வாகங்கள் கை வைப்பதற்கு நம் நாட்டில் முன்வரலாறும் உண்டு. 1994-இல் மகாராஷ்டிராவின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்குப் புனேயின் அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாயின்போது அவர்களைத் தூய்மையாகப் பேண முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பின்னரே அது நின்றது.

தீர்ப்பு விட்டுவைத்தவை

சண்டிகர் தீர்ப்பைப் போற்றும்போதே அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். மனநோய்க்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் இடையே சட்டம் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண்ணைக் காத்ததால், கோட்டுக்கு அப்பால் நிற்கும் மனநோயுள்ள பெண்ணின் ஒப்புதல் காப்பாளரிடமே விடப்பட்டது. இடையிடையே தெளிவாக இருக்கும், மருந்துண்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அந்தப் பிரிவு பொருந்துகிறது. இந்தியா 2007 அக்டோபரிலேயே ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை, எல்லோரும் சமமான சட்டத் தகுதி உடையவர்கள் என்றும், முடிவெடுக்க உதவி தருவது அரசின் கடமை என்றும் கூறுகிறது. தீர்ப்பு உடன்படிக்கையைக் குறிப்பிட்டாலும் அந்த அளவுக்குச் செல்லவில்லை. குறைபாடு கடுமையாக இருந்திருந்தால் என்ன செய்வது என்பதும் திறந்தே நிற்கிறது.

பின்னர் நடந்தவை

2009 டிசம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வன்கொடுமை வழக்கு விசாரணையில், இல்ல ஊழியர்களே குற்றத்தில் பங்கு கொண்டிருந்தது வெளிப்பட்டது. 2012-இல் சண்டிகர் நீதிமன்றம் அவர்கள் உட்படப் பலருக்குத் தண்டனை விதித்தது. காவல் காக்க வைக்கப்பட்டவர்களே குற்றவாளிகள் என்பது, நிர்வாகம் காப்பாளர் இடத்தில் நின்று ஒப்புதல் தர முன்வந்ததை இன்னும் கூர்மையாகக் கேள்விக்குட்படுத்துகிறது.

சட்டமும் ஓரளவு நகர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடுள்ள பெண்ணின் வெளிப்படையான ஒப்புதலின்றி அவர் கருவைக் கலைப்பதை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் குறைபாடு கடுமையாக இருந்தால், மருத்துவரின் கருத்தோடும் காப்பாளரின் ஒப்புதலோடும் செய்யலாம் என்ற விலக்கையும் அதே பிரிவில் வைத்தது. ‘கடுமை’ எது என்பதை யார், எப்படி அளப்பது என்று அப்பிரிவு சொல்லவில்லை.

பட்னா, 2017

இந்த வழக்கின் மறுபக்கம் எட்டு ஆண்டுகள் கழித்துப் பட்னாவில் நடந்தது. நடைபாதையில் வாழ்ந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள, எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண் ஒருவர் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கப்பட்டபோது கருவுற்றிருப்பது தெரிந்தது. தாம் வன்கொடுமைக்கு ஆளானதையும், கருவைக் கலைக்க விரும்புவதையும் அவரே சொன்னார். அப்போது சட்டம் அனுமதித்த 20 வாரங்களுக்குள்தான் இருந்தார். அரசு மருத்துவமனையோ தந்தையின் ஒப்புதலையும் கணவரின் ஒப்புதலையும் தேடியது. மேஜரான பெண்ணுக்கு இரண்டும் தேவையில்லை என்பதைச் சண்டிகர் தீர்ப்பு அதற்குள் எட்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாள்கள் கடந்தன, உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் சென்றபோது, கலைப்பது உயிருக்கு ஆபத்து என்று மருத்துவக் குழு கூறிவிட்டது. அவர் விரும்பாத கருவைச் சுமக்க வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனையின் தவறுக்காகப் பீகார் அரசு அவருக்கு ₹10 லட்சம் இழப்பீடு தர ஆணையிட்டது.

சண்டிகரில் வேண்டும் என்றவரிடமிருந்து எடுக்க முயன்றனர். பட்னாவில் வேண்டாம் என்றவர் மீது சுமத்தினர். இரண்டிலும் அந்தப் பெண் சொன்னது தெளிவாகவே இருந்தது, எழுத்தில் பதிவாகியும் இருந்தது.

மாற வேண்டியவை

இத்தகைய நிலை ஓர் இல்லத்தில் மீண்டும் எழும்போது முதலில் செய்ய வேண்டியது, இல்லத்தை நடத்தும் நிர்வாகத்தைக் காப்பாளர் இடத்திலிருந்து விலக்குவது. குற்றம் நடந்த இடத்தின் பொறுப்பாளர், விளைவு பற்றிய முடிவில் பேசக் கூடாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நிர்வாகத்தோடு தொடர்பில்லாத வழக்குரைஞர் ஒருவரும், அந்தப் பெண்ணின் மொழியிலும் பழக்கத்திலும் பேசத் தெரிந்த உதவியாளர் ஒருவரும் முதல் வாரத்திலேயே நியமிக்கப்பட வேண்டும்.

அடுத்தது, கேட்கும் முறை. சண்டிகர் வல்லுநர் குழு நீதித்துறை அலுவலரை உள்ளடக்கியது நல்ல முன்மாதிரி. அதோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்காமல், அவர் நம்பும் ஒருவர் உடனிருக்க, படங்களையும் எளிய சொற்களையும் கொண்டு, இரண்டு மூன்று நாள்களில் வெவ்வேறு நேரங்களில் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். அறிக்கையில் ‘விளைவுகளை உணரவில்லை’ என்ற முடிவை எழுதும் மருத்துவர், எந்த விளைவை, எந்தச் சொற்களில் விளக்கினேன், அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதியாக வேண்டும். சமூகப் பழி பற்றிய கேள்விகளைத் திறன் அளக்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

காலமும் முக்கியம். இரு வழக்குகளிலும் வாரங்கள் கரைந்ததே பெண்ணின் தெரிவுகளைக் குறுக்கியது. இல்லத்தில் கர்ப்பம் கண்டறியப்பட்ட நாளிலிருந்து சில நாள்களுக்குள் பெண்ணின் விருப்பத்தைப் பதிவு செய்யும் கடமையை விதியாகவே எழுதலாம். மேஜரான பெண் கலைக்க விரும்பினால், நீதிமன்றம் செல்லத் தேவையே இல்லை. மருத்துவமனை வாசலில் தந்தை, கணவர் கையெழுத்தைக் கேட்கும் பழக்கம் சட்டத்தில் இல்லாத ஒன்று. அவர் தொடர விரும்பினால், பேறுகால மருத்துவம், பிறந்த பின் குழந்தையோடு சேர்ந்தே வாழும் இடம், வளர்ப்பில் துணை நிற்க நிரந்தர ஊழியர், இவற்றுக்கான செலவு ஆகியவை நீதிமன்றத் தாழ்வாரத்தில் கடைசி நேரத்தில் கிடைக்கும் உறுதிமொழியாக இல்லாமல், மாநில நிதிநிலை அறிக்கையில் தனி ஒதுக்கீடாக இருக்க வேண்டும்.

2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்பு விதிகள், 20 முதல் 24 வாரம் வரை கலைப்புப் பெறக்கூடிய பெண்களின் வகைகளுள் வன்கொடுமைக்கு ஆளானவர்களையும், உடற்குறைபாடு உள்ளவர்களையும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துள்ளன. பட்னாவில் நடந்தது போன்ற கொடுமையை அது ஓரளவு தடுக்கும். ஆனால் அறிவுத்திறன் குறைபாடு அந்த விதிகளில் மனநோய் என்ற தலைப்பின்கீழ் அடக்கப்பட்டிருக்கிறது. 2002-இல் சட்டம் பிரித்து வைத்ததையும், 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் மீது நின்றே ஒரு பெண்ணின் முடிவைக் காத்ததையும் இது மங்கச் செய்கிறது. அந்தப் பெண்களிடம் ஒப்புதல் கேட்பது எப்படி, அவர்களுக்கு உதவுவது யார் என்பதைப் பற்றி விதிகளில் ஒரு வரியும் இல்லை. அந்த வரிகளை எழுதுவதும், மேற்சொன்ன தலைப்பிலிருந்து அவர்களைப் பிரித்தெடுப்பதும் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கையால் செய்யக்கூடிய வேலை.